வெள்ளத்துல பயிர் போயிட்டா நிவாரணம் வாங்குறது எப்படி? புதுசா விவசாயத்துக்கு வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா காலத்து நிலத்தைப் பாக்க ஊருக்குத் திரும்பி வந்தவங்க, குத்தகைக்கு எடுத்து மொத தடவ சம்பா போட்டிருக்கவங்க, வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்க தனியா வயல் பாக்குற பொம்பளைங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் சொல்றதெல்லாம் பெரும்பாலும் நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் பக்கத்து வழக்கத்தை வெச்சு சொல்றது, ஆனா வருவாய்த்துறை கணக்கு தமிழ்நாடு பூரா ஒரே மாதிரிதான், அதனால கடலூர் விழுப்புரம்காரங்களுக்கும் ராமநாதபுரத்துக்காரங்களுக்கும் இதே வழிதான்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. நிவாரணம் யாருக்கு வரும் யாருக்கு வராதுங்கறது மழை பெய்யறதுக்கு முன்னாடியே பாதி முடிவாயிடுது. அந்த வருஷ அடங்கல்ல, அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்குல, யார் பேரு ஏறியிருக்கு, என்ன பயிர், எவ்ளோ பரப்புன்னு எழுதியிருக்கோ அதைக் கையில வெச்சுக்கிட்டுதான் கணக்கெடுக்கவே வருவாங்க. தண்ணி வந்தப்புறம் ஓடுறவங்கள விட அக்டோபர் மாசத்துலயே விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) ஆபீஸுக்கு ஒரு நடை போயிட்டு வந்தவங்களுக்குத்தான் காசு ஒழுங்கா வருது.

ரெண்டு காசு, ரெண்டு வழி

புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்புற இடம் இதுதான். "பயிர் போச்சுன்னா கவர்மென்ட்ல தருவாங்க"ன்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா அது ரெண்டு தனித்தனி காசு. ஒண்ணு பேரிடர் நிவாரணம், இதுக்கு நீங்க முன்கூட்டி எதுவும் கட்ட வேண்டாம், மாநில பேரிடர் நிதியிலேர்ந்து வருது, அந்த நிதியில முக்கால் பங்கு மத்திய அரசு கால் பங்கு மாநில அரசு. இன்னொண்ணு பயிர் இன்சூரன்ஸ், 2016லேர்ந்து நடக்குற பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டம், இதுக்கு பிரீமியம் கட்டி பதிவு பண்ணியிருந்தா மட்டும்தான் வரும்.

நிவாரணத்துக்கு உங்க வயல் எவ்ளோ பாதிச்சுதுன்னு பாப்பாங்க. இன்சூரன்ஸுக்குப் பெரும்பாலும் உங்க வயல பாக்க மாட்டாங்க, உங்க வருவாய் கிராமத்தோட சராசரி மகசூலப் பாப்பாங்க. இந்த வித்தியாசம் புரியாமதான் "பக்கத்து வயல்காரனுக்கு வந்துச்சு எனக்கு வரல", "என் வயல் பூரா அழுகிருச்சு ஆனா இன்சூரன்ஸ்ல ஒண்ணுமில்லங்கறான்"னு ஊர்ல சண்டையே நடக்குது. ரெண்டுக்கும் தகுதி இருந்தா ரெண்டும் வாங்கலாம், ஒண்ணு வாங்குனா இன்னொண்ணு கெடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நிவாரணம் எவ்ளோ வரும்

2022-23லேர்ந்து 2025-26 வரைக்கும் மத்திய அரசு போட்ட அளவுகோல் இதான். பயிர் 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம் ஆகியிருந்தா, பாசன வசதி உள்ள பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, தென்னை மாதிரி பல வருஷப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு 2 எக்டேர் வரைக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ தமிழ்நாடு அரசு 13,500 ஆ இருந்ததை 17,000 ஆக்குனது இந்த அளவுலதான், 2024 நவம்பர் கடைசில பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து விழுப்புரம் கடலூரெல்லாம் மூழ்குனப்பவும் இதே 17,000தான் அறிவிச்சாங்க. 2026-27லேர்ந்து புது அளவுகோல் பொருந்தும்ங்கறதால, உங்க பயிர் போன சமயத்துல வர்ற அரசாணைல என்ன ரேட்டுன்னு பாத்துக்கங்க.

மாநில அரசு சில சமயம் கூடப் போட்டுத் தரும். 2021 ஜனவரில நிவர், புரெவி புயல் சேதத்துக்கும், 2023 பிப்ரவரில அறுப்பு நேரத்துல பேஞ்ச மழைக்கும் எக்டேருக்கு 20,000 குடுத்தாங்க. 2021 நவம்பர் மழைல, அறுவடைக்கு இருந்த குறுவைக்கு 20,000ன்னும், அப்பதான் நட்டு மூழ்கிப்போன சம்பாவுக்கு எக்டேருக்கு 6,038 ரூபாய் மதிப்புல விதை, உரம்னும் பிரிச்சுத் தந்தாங்க. அதனால ஒரே மழைல ஒரே ஊர்லயே பயிர் எந்த வயசுல இருந்துச்சுங்கறத வெச்சு தொகை மாறலாம், நீங்க நட்ட தேதி அதனாலதான் முக்கியம்.

எக்டேர் கணக்கு நம்ம ஆளுங்களுக்குப் பழக்கமில்ல, நம்ம பேசுறது மா, வேலி, ஏக்கர். பட்டாவுல பரப்பு எக்டேர், ஏர்ஸ்னு ரெண்டு பகுதியா இருக்கும், 0 - 40.50ன்னு போட்டிருந்தா நாப்பதரை ஏர்ஸ்னு அர்த்தம், அதான் ஒரு ஏக்கர், நம்ம கணக்குல மூணு மா. ஒரு எக்டேர்ங்கறது 2 ஏக்கர் 47 சென்ட். அப்போ எக்டேருக்கு 17,000ன்னா ஏக்கருக்கு சுமாரா 6,880 வரணும், 20,000ன்னா 8,100 கிட்ட வரணும். ரெண்டு எக்டேர் வரம்புன்னா கிட்டத்தட்ட 4 ஏக்கர் 94 சென்ட், அதுக்கு மேல ஒரு வேலி வெச்சிருந்தாலும் வரம்போட நிறுத்திடுவாங்க, அரசாணைல தளர்த்துனா ஒழிய. 2021 ஜனவரில அப்படித் தளர்த்துனாங்க.

இந்தத் தொகை நட்டத்தை ஈடு கட்டாதுன்னு எல்லாருக்கும் தெரியும். உழவு, நடவாள் கூலி, உரம், பூச்சிமருந்துன்னு ஏக்கருக்குப் போட்ட காசுல இது ஒரு பகுதிதான், அரசாணைலயும் இதுக்குப் பேரு இடுபொருள் மானியம்தான். ஆனாலும் அடுத்து உளுந்து தெளிக்கவோ மறு நடவுக்கோ கையில ஒரு காசு வேணும்ல, அதை விட்டுக்குடுக்கக் கூடாது.

மழைக்கு முன்னாடி செஞ்சு வைக்க வேண்டியது

பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. அரசோட பட்டா சிட்டா வெப்சைட்ல மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் போட்டா போன்லயே பாத்துக்கலாம், காசு இல்ல. தாத்தா பேர்லயே இன்னும் கெடக்குன்னா வாரிசு சான்று வாங்கி பேர் மாத்த ஆரம்பிங்க, மாசக்கணக்கா இழுக்கும், அதனால பயிர் இல்லாத கோடைல ஆரம்பிக்கறதுதான் நல்லது. மே, ஜூன்ல தாலுகா ஆபீஸ்ல ஜமாபந்தி நடக்கும், கிராமக் கணக்கையெல்லாம் மேலதிகாரி வந்து தணிக்கை பண்ற நேரம் அது, பட்டாவுல பேர் தப்பு, பரப்பு தப்புன்னு மனு குடுக்க அதை விட நல்ல சமயம் கெடையாது.

கூட்டுப் பட்டான்னா இன்னும் கவனம். அண்ணன் தம்பி நாலு பேரு பேர் இருக்கும், அதுல பயிர் வெக்கிறது நீங்க ஒருத்தர்தான்னு வெச்சுக்கங்க, மத்தவங்க மெட்ராஸ்லயும் திருப்பூர்லயும் இருப்பாங்க. வெள்ளம் வந்தப்புறம் அவங்க கையெழுத்துக்கு அலைய முடியாது. பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ எல்லாரும் ஊர்ல கூடுறப்பவே, இந்த சர்வே நம்பர்ல இவ்ளோ பரப்பு இவர்தான் சாகுபடி பண்றாரு, இவர் வாங்குறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதி வாங்கி வெச்சுக்கங்க.

அடுத்து அடங்கல். இது விஏஓ வெச்சிருக்குற கிராமக் கணக்கு ரெண்டு. எந்த சர்வே நம்பர்ல, எந்த உட்பிரிவுல, யாரு, என்ன பயிர், எவ்ளோ பரப்பு, என்ன பாசனம்னு பசலி வாரியா எழுதுறது. பசலி ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும், 2025 ஜூலைலேர்ந்து 2026 ஜூன் வரைக்கும் பசலி 1435, அங்கேர்ந்து ஒண்ணு ஒண்ணா கூட்டிக்கங்க. போன பசலி அடங்கலை நீட்டுனா செல்லாது. நடவு முடிஞ்சு பத்து பதினஞ்சு நாள்ல விஏஓவைப் போய்ப் பாத்து, என் வயல்ல இந்தத் தேதில நட்டிருக்கேன் சார், அடங்கல்ல ஏத்திட்டீங்களான்னு கேளுங்க, ஏத்துனதை உங்க கண்ணால பாருங்க. உட்பிரிவு நம்பர் சரியான்னும் பாருங்க, 112/3ஏ வுக்குப் பதிலா 112/3பி ன்னு ஏறிட்டா உங்க காசு வரப்புக்கு அந்தப் பக்கம் போயிடும். பாசனம் கட்டத்துல என்ன போட்டிருக்குன்னும் பாருங்க, கால்வாய், கிணறுன்னு இருக்க வேண்டிய எடத்துல மானாவாரின்னு விழுந்துட்டா தொகை பாதியாயிடும். ராமநாதபுரம் மாதிரி பக்கம் நெல்லே நெறைய மானாவாரிதான், அங்க இது நெசமாவே அப்படித்தான் இருக்கும், டெல்டாவுல இருந்தா அது தப்பு.

பேங்க் அக்கவுண்டும் இப்பவே. ஆதார் எந்த அக்கவுண்டோட லிங்க் ஆகியிருக்கோ அதுக்குத்தான் காசு போற வாய்ப்பு அதிகம், நீங்க பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்தது வேற பேங்க்கா இருக்கலாம். பேங்க்ல போய், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு என் ஆதார் இந்த அக்கவுண்ட்ல சேந்திருக்கான்னு கேளுங்க. ரெண்டு வருஷமா தொடாத அக்கவுண்டுன்னா முடங்கியிருக்கும், ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்து கேஒய்சி குடுத்து உயிர் குடுங்க. பேங்க் இணைப்புல ஐஎப்எஸ்சி நம்பர் மாறியிருந்தா பழைய பாஸ்புக் ஜெராக்ஸ் குடுக்காதீங்க. ஆதார்ல எஸ். முருகையன், பட்டாவுல சு. முருகையன்னு இனிஷியல் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மாறிக் கெடந்தா அது ஒரே ஆள்தான்னு விஏஓகிட்ட ஒரு சான்று வாங்கி வெச்சுக்கங்க.

2025லேர்ந்து விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் குடுக்குறாங்க, ஆதார், பட்டா, போன் நம்பரோட வேளாண் விரிவாக்க மையத்துலயோ ஊர்ல போடுற முகாம்லயோ இ-சேவை மையத்துலயோ பதிஞ்சுக்கலாம். இன்னும் எடுக்கலன்னா எடுத்துருங்க, ஒவ்வொரு திட்டமா இதோட கட்டிக்கிட்டு வர்றாங்க.

குத்தகைக்காரங்களுக்கு

இதைத்தான் நான் ரொம்ப அக்கறையோட சொல்ல நெனைக்கிறேன். டெல்டாவுல பாதி வயல்ல இறங்கி வேலை பாக்குறவங்க பேர்ல பட்டா கெடையாது. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர் மிராசுதார் நிலம், எல்லாம் வாய்மொழிதான். கடன் வாங்கி நட்டது இவங்க, தண்ணில எறங்கி பயிரைத் தூக்கிப் பாத்து அழுதது இவங்க, லிஸ்ட்ல வர்றது பட்டாதாரர் பேரு. இது நடக்கக்கூடாது, பயிர் வெச்சவங்களுக்குத்தான் இந்தக் காசு.

1969லயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் தமிழ்நாட்டுல இருக்கு, அதுல பதிவு பண்ணியிருந்தா உங்களுக்கு கெட்டியான ஆதாரம். ஆனா பதிவுன்னாலே நிலக்காரர் பயப்படுவாரு, நெலம் கைய விட்டுப் போயிடும்னு நெனைப்பாரு, அதுக்காக சண்டை போட்டு இருக்குற குத்தகையையும் இழக்க முடியாதவங்க, குறைஞ்சபட்சம் இதையாவது செய்யுங்க. நடவுக்கு முன்னாடியே, இந்த சாகுபடிக்கு மட்டும் இவர் பயிர் செய்யறாரு, நிவாரணமும் இன்சூரன்ஸும் இவரே வாங்கிக்கலாம்னு ஒரு சம்மதக் கடிதம் எழுதி வாங்குங்க. வருஷா வருஷம் ஒரு சாகுபடிக்குன்னு எழுதுனா நெறைய நிலக்காரங்க குடுத்துடறாங்க. கோயில் நிலம்னா குத்தகை கட்டுன ரசீதைப் பத்திரமா வைங்க, உங்க பேர்ல இருக்குற ரசீது பெரிய சாட்சி. இந்தக் கடிதத்தையோ ரசீதையோ காட்டி அடங்கல்ல சாகுபடி பண்றவர்னு உங்க பேரை ஏத்தச் சொல்லுங்க. ஏத்த முடியாதுன்னு வாய்ல சொன்னா எழுத்துல ஒரு மனுவா குடுத்து, ஒரு காப்பில சீல் போட்டு வாங்கிக்கங்க. உரக்கடை பில்லு, கூட்டுறவு சங்கத்துல உரம் வாங்குன ரசீது, டிராக்டர் கூலிச் சீட்டு, நெல் போட்ட நேரடி கொள்முதல் நிலைய ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க.

தண்ணி ஏறிருச்சு, இப்ப என்ன

மொத வேலை வடிகால். தண்ணி நின்ன நாளெல்லாம் பயிருக்குத்தான் கேடு, நிவாரணத்துக்காக தண்ணிய அப்படியே விட்டு வைக்கணும்னு யாரும் கேக்கல. வாய்ப்பு இருந்தா வடிய வைங்க, ஆனா அதுக்கு முன்னாடி போட்டோ.

போட்டோ எப்படி எடுக்கணும்னு சொல்றேன். வெறும் தண்ணியா தெரியிற படம் எந்த ஊரு வயலா வேணா இருக்கலாம். உங்க வயலோட அடையாளம் ஒண்ணு, போர் செட்டோ, கரண்ட் போஸ்ட்டோ, பனை மரமோ, மதகோ, கட்டாயம் படத்துல வரணும். நீங்க வரப்புல நிக்கிற மாதிரி ஒண்ணு. இடமும் தேதியும் படத்துலயே பதியிற கேமரா ஆப் போன்ல போட்டுக்கங்க. மொத நாள் ஒண்ணு, அப்புறம் தண்ணி நிக்கிற ஒவ்வொரு நாளும் அதே எடத்துலேர்ந்து ஒண்ணு, அப்பதான் எத்தன நாள் நின்னுச்சுன்னு காட்ட முடியும். தண்ணி வடிஞ்சதும் நாலஞ்சு எடத்துல குத்தைப் புடுங்கிப் பாருங்க. இளம் பயிர்னா அடித்தூர் கொழகொழன்னு ஆகி வேர் கறுத்து இழுத்ததும் கையோட வந்துடும், நாத்தம் அடிக்கும், அதை உள்ளங்கைல வெச்சு கிட்டத்துல எடுங்க. கதிர் வந்த பயிர்னா சாஞ்ச கதிர்ல மணி முளை விட்டிருக்கும், வெள்ளை முளை தெரியிற மாதிரி எடுங்க. தூரத்துலேர்ந்து பாத்தா பச்சையா நிக்கிற வயலே உள்ள அழுகிப் போயிருக்கும், ரோட்டுல நின்னு பாக்குற ஆளுக்கு அது தெரியாது, அதனால்தான் இந்தப் படம்.

அன்னிக்கே விஏஓவுக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் தகவல் சொல்லுங்க. வாழை, காய்கறி, மரவள்ளின்னா அது தோட்டக்கலைத் துறை, வேளாண்மைத் துறைக்காரர் பாத்துட்டுப் போயிடுவாருன்னு உக்காந்திருந்தா உங்க பயிர் ரெண்டு லிஸ்ட்லயும் வராம போயிடும். போன் எடுக்கலன்னா மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. வாட்ஸப்ல சர்வே நம்பர், பரப்பு, பயிர், நட்ட தேதி, தண்ணி ஏறுன தேதி எழுதி படத்தோட அனுப்பி வைங்க, அது ஒரு பதிவா இருக்கும்.

கணக்கெடுப்பு நாள்

தண்ணி வடிஞ்சப்புறம் வருவாய்த்துறையும் வேளாண்மைத்துறையும் சேந்து வயல் வயலா வருவாங்க. எப்ப வருவாங்கன்னு தேதி முன்கூட்டியே சரியா தெரியாது, அதனால தலையாரிகிட்டயும் பக்கத்து வயல்காரங்ககிட்டயும் சொல்லி வைங்க. நீங்க வயல்ல இருக்கணும், இல்ல வீட்ல விவரம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கணும். 33 சதவீதம்ங்கறது அந்தக் கண் பார்வைல முடிவாகுறதுதான், அவங்களைக் கையோட வயலுக்குள்ள கூட்டிட்டுப் போங்க. ரோட்டோரம் மேடா இருந்து உள் பள்ளம் மொத்தமா போயிருக்குற வயல்கள்ல இதனாலேயே நெறைய பேருக்கு விட்டுப் போகுது. எத்தனை சதவீதம்னு எழுதுறீங்க சார், எவ்ளோ பரப்பு போடுறீங்கன்னு மரியாதையா கேளுங்க, கேக்குறதுல தப்பில்ல. கையெழுத்து போடச் சொன்னா பரப்பு கட்டம் நெரம்பியிருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க.

பட்டா நகல், இந்த பசலி அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் மொத பக்கம், போன் நம்பர், குத்தகைன்னா சம்மதக் கடிதம், எல்லாம் ரெண்டு ரெண்டு செட் ஜெராக்ஸ். கரண்ட் போயி ஊர்ல ஜெராக்ஸ் கடை மூணு நாள் தொறக்காது, மழைக்கு முன்னாடியே எடுத்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க. கணக்கெடுப்புக்குக் காசு கெடையாது, பாரம் கூட விலைக்கு வாங்க வேண்டாம். லிஸ்ட்ல பேர் சேக்கறதுக்கு ஏக்கருக்கு இவ்ளோன்னு யாராவது இடைத்தரகர் கேட்டா குடுக்காதீங்க, உங்க உரிமைக்கு இன்னொருத்தனுக்கு எதுக்குக் கூலி.

ஆடு மாடு செத்திருந்தா கால்நடை டாக்டர் வந்து பாத்து எழுதித் தர்ற வரைக்கும் புதைக்காதீங்க, முடியலன்னா போட்டோவும் காது தோடு நம்பரும் விஏஓ சாட்சியும் அவசியம். மேல சொன்ன 2025-26 வரைக்குமான அளவுகோல்படி கறவை மாடு, எருமைக்கு 37,500, உழவு மாட்டுக்கு 32,000, கன்னுக்குட்டிக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. பெரிய கறவைன்னா குடும்பத்துக்கு 3, ஆடுன்னா 30 வரைக்கும்தான் கணக்கு. ஆத்து வெள்ளம் வந்து வயல்ல 3 அங்குலத்துக்கு மேல மணலோ வண்டலோ படிஞ்சிருந்தா அதை அள்ள அதே அளவுகோல்ல எக்டேருக்கு 18,000 தனியா இருக்கு, தென்பெண்ணை, கொள்ளிடம் கரைக்காரங்க இதைக் கேட்டு மனு குடுக்கணும், தானா வராது. 2018 கஜா புயல்ல தென்னை மரத்துக்கு 600, வெட்டி அகத்த 500னு மரத்துக்கு 1,100 குடுத்தாங்க, அந்த மாதிரி தனி அறிவிப்பு வந்தா விழுந்த மரங்களை எண்ணிக் காட்டாம வெட்டி வித்துடாதீங்க.

இன்சூரன்ஸ் பக்கம்

சம்பாவுக்கு பிரீமியம் காப்பீட்டுத் தொகைல ஒண்ணரை சதவீதம், காரீப், அதாவது ஜூன் ஜூலைல ஆரம்பிக்குற பருவத்துப் பயிருக்கு ரெண்டு, வாழை மாதிரி தோட்டக்கலைக்கு அஞ்சு. ஏக்கருக்கு காப்பீட்டுத் தொகை 36,000னா நீங்க கட்டுறது 540. டெல்டா சம்பாவுக்கு வழக்கமா நவம்பர் 15 கடைசி நாள், சில வருஷம் நீட்டிச்சிருக்காங்க, அதை நம்பி இருக்காதீங்க. 2020 காரீப்லேர்ந்து கடன் வாங்குனவங்களுக்கும் இது கட்டாயமில்ல, விருப்பம்தான், அதனால சொசைட்டில கடன் வாங்குனேன், அவங்களே கட்டியிருப்பாங்கன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காதீங்க, ரசீது இருக்கான்னு கேளுங்க. கடன் இல்லாதவங்க இ-சேவை, பொது சேவை மையத்துல கட்டலாம், அடங்கல் இல்லன்னா விஏஓ தர்ற விதைப்புச் சான்று போதும். குறுவைக்கு சில வருஷம் அறிவிப்பே வரல, அதை ஜூன்லயே வேளாண் ஆபீஸ்ல கேட்டுருங்க.

காசு எப்படிக் கணக்காகுதுன்னு ஒரு உதாரணம். உங்க கிராமத்துக்கு உத்தரவாத மகசூல், அதாவது சராசரி இதுக்குக் கீழ போனாதான் காசுன்னு வெச்சிருக்குற அளவு, எக்டேருக்கு 4,000 கிலோன்னு வெச்சுக்கங்க. அந்த வருஷம் பயிர் அறுவடைப் பரிசோதனைல கிராமத்துச் சராசரி 3,000 கிலோன்னு வந்தா, குறைவு 25 சதவீதம், அப்போ 36,000ல கால்வாசி 9,000 ஏக்கருக்கு, கிராமத்துல பதிஞ்ச எல்லாருக்கும். உங்க வயல்ல ஒண்ணுமே கெடைக்கலன்னாலும் அதே 9,000தான். சராசரி 4,000க்கு மேல வந்துட்டா யாருக்கும் இல்ல. அந்தப் பரிசோதனைங்கறது 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் அளந்து அதுக்குள்ள இருக்குறத அறுத்து அடிச்சு எடை போடுறது, கிராமத்துக்கு நாலு எடத்துல. எந்த சர்வே நம்பர்ல நடக்குதுன்னு கேட்டு ஊர்க்காரங்க போய் நில்லுங்க, கயிறு புடிக்கிறதுலேர்ந்து தராசு வரைக்கும் பாருங்க, ஊரோட மொத்தக் காசும் அந்த நாலு கட்டத்துலதான் இருக்கு.

அறுத்துப் போட்ட கதிர் வயல்ல காய்ஞ்சுக்கிட்டு இருக்கப்ப புயலோ பருவம் தப்புன மழையோ வந்து நனைஞ்சு போச்சுன்னா, அறுத்து 14 நாளுக்குள்ளன்னா, தனிப்பட்ட வயல் கணக்குலயே இழப்பீடு உண்டு, ஆனா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். 14447க்கு போன் அடிங்க, இல்ல பயிர் இன்சூரன்ஸ் ஆப்ல போடுங்க, புகார் நம்பர் வாங்காம போனை வைக்காதீங்க. நெல்லு நின்ன தண்ணில மூழ்குறதை 2018ல தனி வயல் கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க, நம்ம டெல்டாவுக்கு அது பெரிய அடி. 2026 காரீப்லேர்ந்து திரும்ப சேக்குறதா மத்திய அரசு 2025 நவம்பர்ல அறிவிச்சிருக்கு, காட்டுப்பன்னி யானை சேதத்தையும் சேத்திருக்காங்க. உங்க பருவத்துக்கு வர்ற அரசாணைல அது இருக்கான்னு பாத்துட்டு, இருந்தா அதுக்கும் 72 மணி நேரம்தான்.

காசு வரலன்னா

கணக்கெடுத்ததும் வந்துடாது. கிராம லிஸ்ட் தாலுகாவுக்குப் போயி, கலெக்டர் ஆபீஸ் போயி, சென்னைல அரசாணை ஆகி கருவூலம் வழியா வரணும், மாசங்கள் ஆகும். ஆனா லிஸ்ட்ல பேர் இருக்கான்னு அரசாணை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கணக்கெடுப்பு முடிஞ்ச வாரமே விஏஓ ஆபீஸ்ல போய் பாருங்க. மேல போனப்புறம் திருத்தறது ரொம்பக் கஷ்டம்.

பக்கத்துல எல்லாருக்கும் வந்து உங்களுக்கு மட்டும் வரலன்னா மொதல்ல பேங்க்ல கேளுங்க, நெறைய கேஸ்ல காசு அனுப்பி திரும்பிப் போயிருக்கும், சரியான அக்கவுண்ட் நம்பர் குடுத்தா மறுபடி போடுவாங்க. பரப்பு குறைச்சு வந்திருந்தா மேல சொன்ன கணக்குல போட்டுப் பாத்து, எந்த சர்வே நம்பர் விட்டுப் போச்சுன்னு குறிப்பா எழுதி தாசில்தாருக்கு மனு. அப்புறம் மாசா மாசம் கலெக்டர் தலைமைல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டம், அங்க எல்லாத் துறைக்காரங்களும் ஒரே ஹால்ல உக்காந்திருப்பாங்க, எதிர்லயே கேக்கலாம். திங்கக்கிழமை மனு நாளும் இருக்கு, முதல்வர் உதவி மைய எண் 1100க்கு போன் பண்ணியும் பதியலாம். தனியாளா போறத விட விட்டுப்போன பத்து பேர் சேந்து ஒரே மனுவுல சர்வே நம்பர் வாரியா பட்டியல் போட்டுக் குடுத்தா சீக்கிரம் எடுத்துப் பாப்பாங்க.

அதுக்கும் பதில் இல்லன்னா தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாள்ல, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. ஏன் தரலன்னு கேள்வி கேக்காதீங்க, பேப்பர் கேளுங்க: இன்ன கிராமத்துக்கு இன்ன புயல் நிவாரணத்துக்குத் தயாரிச்ச பயனாளிகள் பட்டியல் நகல், இன்ன சர்வே நம்பருக்கான கணக்கெடுப்புப் பதிவின் நகல், அந்த நம்பருக்கான இந்தப் பசலி அடங்கல் நகல். 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அதே ஆபீஸோட மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள்ள எழுதணும், தபால் ரசீதை அந்தப் பிளாஸ்டிக் கவர்லயே போட்டு வைங்க.